ஐஸக்கா வண்டியின் தோல் சீட்டு

ஐஸக்கா எங்கே போனாலும் உட்கார மாட்டாள். வங்கியில் நாற்காலியைக் காட்டுவார்கள். "பரவாயில்லங்க, நிக்கிறேன்" என்பாள். மகன் படிக்கும் பள்ளியில் ஆசிரியை எழுந்து இடம் கொடுத்தால்கூட சுவரோரமாக நகர்ந்துகொள்வாள். அடக்கம் என்று சிலரும் அவசரக்காரி என்று சிலரும் நினைத்தார்கள். இரண்டுமில்லை. அவள் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலி ஈரமாகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

பதினோரு வருடமாக ஐஸ் வண்டி ஓட்டுகிறாள். அதற்கு முன்னால் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று, வெளியே போகும் பாளங்களைக் குறித்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஒருநாள் காலை டிரைவர் வரவில்லை. ஏற்றிய பாளங்கள் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தன. மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். எடுத்த சாவியை அதன் பிறகு திருப்பி மாட்டவே இல்லை. பிற்பாடு கம்பெனி அந்த வண்டியைக் கழித்துவிட்டபோது அதைத் தானே வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டாள்.

வண்டி நல்ல வண்டி. சீட்டுதான் துணி. மீன் கடை, ஜூஸ் கடை, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, கொக்கி போட்டுப் பாளத்தை இழுத்து, தோளில் சாய்த்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, நனைந்த உடையோடு மறுபடி ஏறி உட்கார வேண்டும். துணி அத்தனை ஈரத்தையும் வஞ்சனை இல்லாமல் குடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் சாக்கு போட்டுப் பார்த்தாள். பிரேக் போட்டால் ஆளோடு முன்னே வழுக்கியது. துண்டை மடித்துப் போட்டாள். இரண்டாவது கடை வருவதற்குள் துண்டும் சொதசொதவென்றாகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று தேடிக் காயலான் கடைக்குப் போனாள். அங்கே, இவள் வண்டியின் உடன்பிறப்பு மாதிரி ஒன்று நின்றது. அதே கம்பெனி, அதே உடம்பு, ஆனால் அலங்காரம் கூடிய உயர்ந்த ரகம். பின்பக்கம் யாரோ இடித்து நசுங்கிப்போயிருந்தது. முன்பக்கம் சின்னக் கீறல்கூட இல்லை. உள்ளே இரண்டு தோல் சீட்டுகள், பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில்.

ஐஸக்கா அக்கம்பக்கம் பார்த்தாள். ஏறினாள். உட்கார்ந்தாள்.

"அக்கா, கண்ணாடியெல்லாம் அந்தப் பக்கம்" என்றார் கடைக்காரர்.

"இருங்க, வரேன்."

வரவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கியபோது சீட்டின் மேல் ஒரு கையளவு நீர் குளம் கட்டியிருந்தது. அவள் முகம் சுருங்கியது. கடைக்காரர் தோளில் கிடந்த துணியை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். சீட்டு காய்ந்துவிட்டது. அவள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே காய்ந்திருந்தது. 

"இது என் வண்டிக்குச் சேருமா?"

"சீட்டு சேராது. அடியில மோட்டார், வயரு எல்லாம் வேற. ஆனா மேல போர்த்தியிருக்கிற உறை சேரும். ரெண்டுக்கும் ஒரே அச்சு. உரிச்சுக்கிட்டுப் போயி உங்க சீட்டுக்கு மாட்டிக்கலாம்."

அவர் உரிக்க உரிக்க, அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். உறையின் உட்புறத்தில் கம்பி தைத்திருந்தது. அந்தக் கம்பியை ஸ்பாஞ்சோடு பிடித்து வைத்திருந்தவை சின்னச் சின்ன இரும்பு வளையங்கள். வளையத்தை வெட்டினால் உறை கையோடு வந்துவிடுகிறது. இதென்ன, தலையணை உறை மாதிரிதானே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இரண்டு சீட்டின் உறைகளையும் சாக்கில் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். கண்ணாடி வாங்க மறந்துபோனது வீடு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவள் கணவர் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எதையும் அளந்து, பெயர் எழுதி ஒட்டி, அதன் பிறகே தொடுகிற மனிதர். சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "சீட்டுக் கடையில குடுத்துடலாமே" என்றார்.

"கேட்டுட்டேன். நாலு நாள் வண்டியை விட்டுட்டுப் போகச் சொல்றாங்க. நாலு நாள் ஐஸ் இல்லன்னா மீன் கடைக்காரர் என்னைத்தான் அறுத்து வைப்பார். ஞாயித்துக்கிழமை மிஷின் கழுவ கம்பெனி லீவு. அந்த ஒரு நாள் போதும்."

"யார் மாட்டுவா?"

"நான்தான். உங்க தங்கச்சியும்தான்."

நாத்தனார் அடுத்த தெருவில் இருந்தாள். கைப்பை தைக்கும் கம்பெனியில் வேலை. ஊசி பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரல் ஆணியைப் போல் காய்த்திருக்கும். வாய் அதைவிடக் கூர்மை. வந்ததும் தோலை முகர்ந்தாள், உள்பக்கத்தைப் புரட்டினாள், தையலின் மேல் விரலை ஓட்டினாள். "அண்ணி, இதை எங்கயாச்சும் திருடிட்டு வந்தீங்களா? சொல்லிடுங்க, நான் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்."

ஞாயிறு பொழுது விடிந்ததும் விடியாததுமாக வேலை ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் வயரைத் தொடும் முன் பாட்டரியைக் கழற்றி, மின்சாரம் வடியும்வரை பொறுக்கச் சொல்லி மெக்கானிக் எச்சரித்திருந்தார். கணவர் அதைக் கழற்றிக் கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் இரண்டு பெண்களும் பொறுமை இழந்து ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சீட்டுக்கு நாலு போல்ட்டு. ஏழு போல்ட்டுகள் மரியாதையாகக் கழன்றன. எட்டாவது துருவேறி அடம் பிடித்தது. ஐஸக்கா பாளத்தை இழுக்கும் அதே பாணியில் காலை ஊன்றி இழுத்தாள். 'கிரீச்' என்று கத்திவிட்டு அதுவும் வழிக்கு வந்தது. கணவர் ஒவ்வொரு போல்ட்டையும் ஒவ்வொரு கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினார்.

"அண்ணா, அதுக்கு ஜாதகமும் எழுதிடு" என்றாள் தங்கை.

வீட்டு வாசலில் சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு வளையங்களை வெட்டினார்கள். பழைய துணி உரிந்து வந்தது. உள்ளேயிருந்த ஸ்பாஞ்சின் மேல் நாத்தனார் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மணிக்கட்டு வரை தண்ணீர் ஏறியது.

நாத்தனார் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க பதினோரு வருஷமா வண்டி ஓட்டல. குளத்துல உட்கார்ந்திருக்கீங்க."

ஐஸக்கா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் வேறொரு கவலை வந்தது. இந்த ஈரத்தின் மேல் தோலைப் போர்த்தினால் ஒரே மாதத்தில் உள்ளே அழுகிவிடும். வானம் மூடிக்கிடந்தது. வெயில் தலைகாட்டுகிற மாதிரி தெரியவில்லை. விடிந்தால் லோடு. சீட்டில்லாத வண்டியைத் தரையில் உட்கார்ந்தா ஓட்டுவது?

அப்போது கணவர் தொண்டையைச் செருமினார். "ரொட்டிக்காரர் வீட்டு மாடியில, புகைபோக்கி பக்கத்துல ஒரு ரூம் இருக்கு. தட்டெல்லாம் காய வைப்பாரு. உள்ள போனா ரெண்டு நிமிஷத்துல வேர்த்துச் சட்டை நனைஞ்சிடும், அவ்வளவு சூடு."

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவரைச் சும்மா குப்பிக்காரர் என்று மட்டுமே கணக்கில் வைத்திருந்தார்கள்.

உட்காரும் பகுதிக்கு ஒன்று, சாய்மானத்துக்கு ஒன்று என்று நாலு ஸ்பாஞ்சுகளையும் பலகைகளுக்கு நடுவில் வைத்து மேலே ஏறி மிதித்தார்கள். வாசல் முழுக்க ஓடை ஓடியது. பிறகு பெண்கள் ஆளுக்கொன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டு தெருக்கோடி ரொட்டிக் கடைக்கு ஓடினார்கள். கணவர் மீதி இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ரொட்டிக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"இந்த நாத்தத்தை மாவுப் பக்கம் கொண்டுவரக் கூடாது."

"மாவுப் பக்கம் வராது. வெளிப்படி வழியா மாடிக்குப் போயிடுறோம்" என்றார் கணவர். "நானே கூட இருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுறேன். கருக விடமாட்டேன்."

ஆய்வுக்கூடக் குரலில் அவர் சொன்னதைக் கேட்டு ரொட்டிக்காரர் விலகி வழிவிட்டார். அந்த மனிதர் மூன்றரை மணி நேரம் அந்தச் சூட்டில் பனியனோடு உட்கார்ந்து, கைக்கடிகாரம் பார்த்துப் பார்த்து, ஸ்பாஞ்சுகளை ரொட்டி திருப்புவதைப் போலத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தோலை ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் தடவினார்கள். உயர்ந்த ரக வண்டியில் சீட்டுக்குப் பக்கத்தில் கை வைத்துக்கொள்ள ஒரு கட்டை இருந்திருக்கிறது. அதற்காக விட்ட ஓட்டை டிரைவர் உறையின் விலாவில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. "கிழிசல் மாதிரி தெரியுதே" என்று ஐஸக்கா கவலைப்பட்டாள். நாத்தனார் தன் பையிலிருந்து தோல் துண்டு ஒன்றை எடுத்து உள்பக்கம் வைத்துத் தைத்தாள். ஓட்டை இருந்த இடத்தில் செல்போன் கச்சிதமாக நிற்கும் ஒரு ஜேபி முளைத்தது.

"இப்ப கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் நமக்கு ஏன் தோணலன்னு தலையைச் சொறிவான்" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

காய்ந்த ஸ்பாஞ்சுகள் ரொட்டி வாசம் மணக்க மணக்க வந்து சேர்ந்தன. இரண்டு தெருநாய்கள் கணவரைப் பின்தொடர்ந்து வாசல் வரை வந்து, ஏமாந்து நின்றன.

பக்கத்து சீட்டுக்கு உறை சுலபமாக ஏறியது. நடுவிலிருந்து ஓரத்துக்கு வளையங்களைக் குறட்டால் நெரித்துக்கொண்டே வந்தார்கள். தோல் மடிப்பு மடிப்பாக விழுந்து, இழுத்ததும் கன்னத்தைப் போல வழவழப்பானது. ஐஸக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்த் தூர நின்று பார்த்தாள். வந்து பக்கத்தில் பார்த்தாள். மறுபடி தூரப் போனாள்.

"அண்ணி, வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்கினீங்களா? வாங்க இங்க."

டிரைவர் சீட்டின் சாய்மானத்தில்தான் வில்லங்கம். உறை நாலு விரல் தூரம் இருக்கும்போதே நின்றுவிட்டது. இழுத்தார்கள். இறங்கவில்லை. தோல் ஸ்பாஞ்சைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. இன்னும் பலமாக இழுத்தால் தையல் விட்டுவிடும் என்று நாத்தனார் கையை உதறினாள். மாலை ஐந்தாகிவிட்டது.

அவள் கொஞ்ச நேரம் சீட்டை முறைத்தாள். பிறகு உறையை முழுக்கக் கழற்றினாள். "அண்ணா, சலவைக்குப் போன கோட்டு மேல மெலிசா ஒரு பிளாஸ்டிக் பை வருமே, இருக்கா?"

இருந்தது. மடித்து, 'பிளாஸ்டிக் பை' என்று எழுதிய டப்பாவிலேயே இருந்தது. அதை ஸ்பாஞ்சின் மேல் மாட்டினாள். அதற்கு மேல் உறை. பிறகு சாய்மானத்தின் மேல் முழங்காலை ஊன்றி ஏறி, தன் எடை முழுவதையும் இறக்கினாள்.

"இப்ப இழுங்க அண்ணி. பாளம்னு நினைச்சுக்கோங்க."

ஐஸக்கா காலை ஊன்றினாள். இழுத்தாள். தோல் சர்ரென்று வழுக்கி இறங்கியது. கணவர் உறையின் அடியிலிருந்த கொக்கியைச் சட்டகத்தில் மாட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் மேலேயே உட்கார்ந்துகொண்டு கைதட்டினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே சீட்டுகளைப் பூட்டி, வயரைச் செருகி, பாட்டரியை மாட்டிவிட்டார்கள். குப்பிகள் எட்டும் காலி. ஐஸக்கா புதிதாகத் துவைத்த உடையை உடுத்திக்கொண்டு வந்து ஏறினாள். முதுகு பதிந்தது. காய்ந்த, இறுக்கமான, இளஞ்சூடான ஓர் இடத்தில் தன் வண்டியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. சும்மா ஹாரனை அடித்தாள். நாத்தனார் பக்கத்தில் தாவி ஏறிக்கொண்டாள். ஒரு சுற்று முடிந்து கணவரை ஏற்றிக்கொள்ள வாசலில் நிறுத்தினால் நாத்தனார் இறங்கவில்லை.

"அண்ணா, நீ அடுத்த ஞாயித்துக்கிழமை வா."

அவர் சிரித்துக்கொண்டே குப்பிகளைக் கழுவப் போனார்.

திங்கள் காலை கம்பெனியில் செய்தி பரவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டிரைவர்கள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். மேலாளர் ஏறியவர் இறங்க மனமில்லாமல் சாய்ந்துகொண்டார். "சார், பாளம் உருகுது" என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. மீன் கடை, ஜூஸ் கடை, ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் நனைந்து ஏறினாள், இறங்கும்போது துணியால் ஒரே இழுப்பு. மதியம் ஜூஸ் கடையில் கணக்கு எழுதும்வரை அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து ஜூஸ்காரர், "உடம்புக்கு முடியலயாக்கா?" என்று விசாரித்தார்.

"உடம்பு ஜோரா இருக்கு" என்றாள். "சுகமா இருக்கணும்னு தோணுச்சு, உட்கார்ந்தேன்." எழும்போது அந்த நாற்காலிக்கும் துணியால் ஒரே இழுப்பு கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் முட்டை வண்டிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். தன் வண்டிக்கும் அதேபோலச் செய்து தர முடியுமா என்று கேட்டார். காயலான் கடையில் கறுப்பு உறை ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறாராம். நாத்தனாரிடம் கேட்டுச் சொல்வதாக ஐஸக்கா சொல்லி வாய் மூடவில்லை, வீட்டுக்கு வந்திருந்த அவளே உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"வரச் சொல்லுங்க அண்ணி. ஆனா முட்டையை வீட்டுல இறக்கி வச்சுட்டு வரச் சொல்லுங்க. நான் முழங்காலை ஊன்றுற ஆளு."