நான் திருத்திய வாக்கியம்

ஆசிரியர் பயிற்றுநராக இருந்தபோது, ஆம்பூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தைப் பார்வையிடப் போனேன். பார்வைக் குறிப்பு எழுதும் படிவத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இளம் ஆசிரியை பையிலிருந்து ஒரு ஷூவை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல உங்களுக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் சொல்லுங்க" என்றார். சோல், லேஸ், லைனிங், ஹீல், மேல்பகுதிக்கு அப்பர் என்று பிள்ளைகள் போட்டி போட்டுச் சொன்னார்கள். பாதிப் பேரின் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள். அடுத்து, அந்தச் சொற்களை வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னார்.

ஒரு சிறுமி மெதுவாக எழுந்தாள். "மை மதர் ஸ்டிச் அப்பர்" என்றாள். ஆசிரியை கைதட்டப் போனார். அதற்குள் நான், "ஸ்டிச் இல்லம்மா, ஸ்டிச்சஸ். மறுபடி சொல்லு" என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். உயர்ந்திருந்த மற்ற கைகளும் இறங்கின.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் வருத்தம் தெரிவித்தேன். "பரவால்ல மேடம்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "இந்த வருசம் அந்தப் பொண்ணு வாயத் தொறந்ததே இன்னிக்குத்தான்" என்றார்.

அவளைத் தேடிப் போனேன். சத்துணவு வரிசையில் நின்றவள், என்னைப் பார்த்ததும் தோழியின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

படிவத்தில் ஆசிரியையைப் பாராட்டி எழுதினேன். வகுப்பில் நேர்ந்த இடையூறுகளை எழுதவும் அதில் இடம் இருந்தது. அதை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.