ஒரெஸ்தே முற்றத்தில் வந்த தரை

எங்கள் பலெஸ்த்ரீனா மலையடியில் ஒரெஸ்தேயைப் போல பொக்லைன் ஓட்ட ஆளில்லை. இரண்டு விரற்கடை மண்ணை மட்டும் சீவு என்றால் அவ்வளவுதான் சீவுவான். எங்கே ரோமானியச் சுவர் தட்டுப்பட்டாலும் தொல்லியல்காரர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். முப்பது வருடத்தில் அந்த வண்டியை ஒருநாள்கூட மழையில் நிறுத்தியதில்லை. வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அதற்குத்தான். அவனும் மனைவி எர்சிலியாவும் குடியிருந்தது மாடியில், இருபத்திரண்டு படி ஏறி.

எர்சிலியாவுக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டு வருடமாக அவள் கீழே இறங்கவில்லை. முற்றத்தில் அவளுக்கு ஓர் அறை கட்ட ஒரெஸ்தே அலைந்து அனுமதி வாங்கினான். கான்கிரீட் ஊற்றும் வேலை என்னுடையது.

அன்று காலை நான் லாரியோடு போனபோது மூன்று பக்கமும் தோண்டிக் கம்பி கட்டியிருந்தான். கடைசி மூலையில் பாதி தோண்டியவன் சட்டென்று வண்டியை அணைத்தான். இறங்கிக் கையால் மண்ணை ஒதுக்கினான். கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கல் பதித்த ரோமானியர் காலத்துத் தரை.

இதற்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். யாரும் பார்ப்பதற்குள் கான்கிரீட்டை ஊற்றிவிட வேண்டும். தொல்லியல்காரர்களுக்குத் தகவல் சொன்னால் வேலை நின்றுபோகும், எத்தனை வருடமோ.

“ஊத்திடுறேன்டா. நீயும் பாக்கல, நானும் பாக்கல,” என்றேன்.

“நான் பாத்துட்டேனே, துல்லியோ.”

“மேல ஒருத்தி ரெண்டு வருஷமா ஜன்னலே கதின்னு கெடக்கா. அவளப் பாரு மொதல்ல. கான்கிரீட் இறுகிடும், சீக்கிரம் சொல்லு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். எர்சிலியா ஜன்னலில்தான் இருந்தாள்.

“என்ன, கல்லா?”

“தரை. முழுசா இருக்கு.”

அவள் எட்டிக் குழியைப் பார்த்தாள். பிறகு, “அடுத்தவன் எடமா இருந்தா போன் பண்ணிருப்பல்ல? பண்ணு,” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திட்டிக்கொண்டே போய், அத்தனை கான்கிரீட்டையும் என் களத்தில் கொட்டினேன்.

வேலை நின்றது. தொல்லியல்காரர்கள் வந்து ஒரு வருடம் தோண்டிவிட்டு, அது யாரோ ஒரு சீமாட்டியின் படுக்கையறை என்றார்கள். அதைக் கேட்டதும் எர்சிலியா படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நகர்ந்து இறங்கினாள். ஒரெஸ்தே அவளுக்கு முன்னால், கையை நீட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே இறங்கினான். முழுதாக அரைமணி நேரம் ஆனது.

அவள் தரையை வெகுநேரம் பார்த்தாள்.

“மகராசி, அந்தக் காலத்துலயே கீழ படுத்திருக்கா. இன்னும் எடத்த விடமாட்டேங்கறா பாரேன்.”

எல்லோரும் சிரித்தோம். ஒரெஸ்தே சிரிக்கவில்லை. நேராகப் போய் பொக்லைனை வெளியே எடுத்து வேலியோரம் நிறுத்தினான். கீழ்த்தளத்தை எண்ணெய்க்கறை போகத் தேய்த்துக் கழுவினான். என்னைக் கூப்பிட்டான், இரண்டு பேருமாகக் கட்டிலைக் கீழே இறக்கினோம்.

“வண்டி?” என்று கேட்டாள்.

“நனையட்டும். நீ இனிமே ஏற வேண்டாம்.”

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. லாரித் தார்ப்பாயைக் கொண்டுபோய் பொக்லைன்மேல் போர்த்திக் கட்டினேன். அவனை முட்டாள் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

“யாரு, துல்லியோவா? நனையாத, காப்பி போட்டிருக்கேன்,” என்று குரல் வந்தது. மூன்று வருடமாக எனக்குக் கதவு திறந்தது ஒரெஸ்தேதான். அன்று எர்சிலியாவே வந்து திறந்தாள்.