அத்தை அனுப்பிய மூன்று பெட்டிகள்

எங்கள் அத்தை வெளிநாட்டிலிருந்து தினமும் போன் செய்வார் என்று சொன்னால் பாசம் என்று நினைத்துக்கொள்வீர்கள். வருடத்தில் பத்து மாதம் அது பாசம்தான். கடைசி இரண்டு மாதம், பண்டிகைக் காலம் தொடங்கிவிட்டால், சுத்தமான ஊர்க்கதை. யார் வீட்டு விருந்துக்கு யார் எந்த நிறத்தில் உடுத்தி வந்தார்கள், கடைத்தெருவில் இந்த வருடம் எத்தனை விளக்கு, கால் வலிக்கிறது என்று மூலையில் உட்கார்ந்தவர் பாட்டு மாறியதும் எப்படி எழுந்து ஆடினார், எல்லாம் ஒன்று விடாமல் வரும். பேத்தி சாப்பிட்டாளா என்ற கேள்வி போனை வைக்கும் முன்தான்.

அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. ஐம்பத்தேழு வயது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலின் யூனிஃபார்ம் ரூமில் தையல் வேலை. மாமா இறந்த வருடம் போனவர். இப்போது பத்தொன்பது வருடம் ஆகிறது. அப்போது என் வீட்டுக்காரருக்குப் பதினான்கு வயது. அவரைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். வருடத்துக்கு ஒருமுறை மூன்று வார விடுமுறையில் வந்துபோய்த்தான் மகனைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்துவைத்தார், நாங்கள் குடியிருக்கும் இந்த இரண்டாவது மாடி வீட்டையும் கட்டி முடித்தார்.

சீசன் என்றால் அத்தைக்கு வேலையும் தலைக்கு மேல்தான். ஹோட்டல் ஆறு வாரத்துக்கு மட்டும் அறுபது எழுபது பேரைப் புதிதாக எடுக்கும். பரிமாற, கதவு திறந்துவிட, வண்டி நிறுத்த. எல்லோருக்கும் அலமாரியில் தொங்கும் பழைய கோட்டுதான். போன வருடம் ஆறடி ஆள் போட்டதை இந்த வருடம் ஐந்தடி ஆள் போட வேண்டும். அத்தை துணியில் கத்தரியே வைக்க மாட்டார். கையையும் ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து ஓட்டுத் தையல் போட்டுவிடுவார். சீசன் முடிந்ததும் நூலை உருவினால் கோட்டு பழைய அளவுக்கு வந்துவிடும். ஒரு நாளில் முப்பது கோட்டு முடிப்பேன் என்று சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். இருக்கட்டும், முப்பது கோட்டு தைப்பவருக்கு இல்லாத தலைக்கனம் வேறு யாருக்கு?

ஆனால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மெஷினை மூடிவிட்டால் அவர் வேறு ஆள். ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் நான்கு பெண்கள். அத்தையோடு அறையில் இருப்பவர் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா. பக்கத்து அறையில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர் ஒருவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் ஒருவர். இந்த நால்வர் அணிக்கு அழைப்பு வராத விருந்து அந்த ஊரில் கிடையாதாம். நான்கு பேருக்கும் ஒரே துணியில் அத்தைதான் தைப்பார். சென்ற சீசனில் ஒரு வீடியோ வந்தது. கரும்பச்சைப் பட்டுத்துணியில் நான்கு பேரும் வட்டமாக ஆடுகிறார்கள். வெள்ளி நிறச் செருப்பு போட்டுக்கொண்டு நடுவில் சுற்றுவது சாட்சாத் எங்கள் அத்தை.

"அம்மாவா இது?" என்றார் என் வீட்டுக்காரர். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். "இங்க வந்தா மாடிப்படி ஏற முட்டி வலிக்குதும்பாங்களே."

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள எனக்கென்ன ஆசையா?

இந்த வருடம் சீசன் தொடங்கியதுமே கப்பலில் மூன்று பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. கம்பளிகள், பிரிக்காத குக்கர், பன்னிரண்டு பேருக்கான தட்டுகள், துண்டுகள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பதால் இந்தக் கணக்கு சின்னக் குழந்தைக்கும் தெரியும். லீவில் வருகிறவர் கையில் சூட்கேஸோடு வருவார். கப்பலில் பெட்டி வந்தால் ஆள் அங்கே கடையைக் கட்டிவிட்டார் என்று அர்த்தம். எதிர் வீட்டு கிரேன் ஆபரேட்டரும் அப்படித்தான், முதலில் பெட்டி வந்தது, அடுத்த மாதம் அவர் வந்தார், அதற்குப் பிறகு போகவே இல்லை.

என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே போன் போட்டார்.

"அம்மா, பெட்டியெல்லாம் வந்துருச்சு. எனக்குப் புரிஞ்சுது."

"என்னடா புரிஞ்சுது?"

"எல்லாம் புரிஞ்சுதும்மா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வா, போதும்."

அந்தப் பக்கம் யாரோ கீழே கார் காத்திருக்கிறது என்று கத்தினார்கள். அத்தை போனை வைத்துவிட்டார். மறுநாளே பின்னறைக்கு இளமஞ்சள் பெயிண்ட் அடித்து, புதுக் கட்டில் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினோம். அத்தையிடமிருந்து கைகூப்பும் பொம்மை ஒன்று மட்டும் பதிலாக வந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

என் பங்குக்கு நானும் ஒரு மனக்கோட்டை கட்டியிருந்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் நான் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். மகள் பிறந்ததும் நின்றவள், மூன்றரை வருடமாக வீட்டோடு. பழைய லேபிலிருந்து கூப்பிட்டார்கள். காலை ஏழிலிருந்து இரண்டு வரை, சீசன் முடிந்து நான்காவது திங்கட்கிழமை சேர வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் அத்தை வருகிறாரே என்று கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லிவிட்டேன். வெள்ளைக் கோட்டுகூட வாங்கியாகிவிட்டது.

சீசன் முடிந்ததும் அத்தை வந்தார். பேத்தியைத் தூக்கிச் சுற்றினார், மஞ்சள் அறையைப் பார்த்து நல்லா இருக்கு என்றார், புதுக் கட்டிலின் ஓரத்தில் விருந்தாளி போல உட்கார்ந்தார். அதன் பிறகு இரண்டு வாரம் வீடு கல்யாண வீடுதான். பெரியம்மா குடும்பம், அத்தையின் பள்ளித் தோழிகள், எதிர் வீட்டு கிரேன் ஆபரேட்டர் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். "இனிமே இங்கதானே?" என்று கேட்காத ஆளில்லை. அத்தை சிரிப்பார், டீ கொண்டுவரட்டுமா என்பார், பிடி கொடுக்க மாட்டார். நான் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், வீட்டுக்காரர் மில்லுக்குப் போயிருந்தார், மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டை எடுத்து வந்தேன். கை நீளமாக இருந்தது.

"அத்தை, இதக் கொஞ்சம் சின்னதாக்கித் தர்றீங்களா?"

"குடு. நூல் வெட்டக் கத்தரி எடுத்துட்டு வா."

"உங்க கத்தரி?"

அத்தை கோட்டின் கையை மடித்துக்கொண்டே, "அது அங்கதான் இருக்கு," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கத்தரி அத்தையின் முதல் சம்பளத்தில் வாங்கியது. அறைத்தோழி நர்ஸம்மா ஒருமுறை அதை எடுத்துக் காகிதம் வெட்டிவிட்டார் என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தவர் அத்தை. வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிற தையல்காரர் குக்கரை மறப்பார், கம்பளியை மறப்பார், கத்தரியை அங்கே விட்டுவிட்டு வருவாரா?

"அத்தை, நீங்க திரும்பப் போறீங்களா?"

அவர் ஊசியில் நூல் கோத்தார். முதல் தடவை நுழையவில்லை.

"ஞாயித்துக்கிழமை டிக்கெட்டு. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. வந்ததுலேருந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். வாய் வரல."

"அப்ப அந்தப் பெட்டிங்க?"

"அதுவா." அத்தைக்குச் சட்டென்று வெட்கம் வந்துவிட்டது. "பத்தொம்போது வருஷமா என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல அந்தப் பொட்டிங்கதான். என்னைக்காவது ஊருக்குப் போறப்ப வேணும்னு ஒவ்வொண்ணா சேத்தது. ஜன்னலத் தொறக்கணும்னா கட்டில் மேல ஏறி நிக்கணும். இந்த வருஷம் அங்க ஒரு சாய்வு நாற்காலி போடணும்னு ஆசை வந்துச்சு. கால நீட்டி உக்காந்து தெருவப் பாக்கற மாதிரி. அதுக்குத்தான் இடத்தக் காலி பண்ணி அனுப்புனேன். நீங்க என்னடான்னா ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டீங்க. அந்தப் போட்டோ வந்தப்ப நான் ஒரு விருந்துல இருந்தேன். பாத்துட்டு பாத்ரூம்ல போய் உக்காந்துட்டேன்."

அத்தை அங்கே குடியேறுவதற்காக அனுப்பிய பெட்டியை வைத்து, இங்கே திரும்பி வருகிறார் என்று நாங்கள் பெயிண்ட் அடித்திருக்கிறோம். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப என் வேலை?" என்றேன். "திங்கக்கிழமை சேரணும். உங்கள நம்பித்தான் சொன்னேன்."

"உன் வேலைய நீ எதுக்கு விடற?"

"பிள்ளைய யாரு பாத்துக்கறது?"

"ஏன், அவளுக்கு அப்பன் இல்லையா?"

சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றரை வருடத்தில் ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை. அவருக்கு மில்லில் மூன்று ஷிஃப்ட். மதிய ஷிஃப்ட் மூன்று மணிக்கு. நிரந்தரமாக அதையே கேட்டால் சூப்பர்வைசர் சந்தோஷமாகக் கொடுப்பார், ஏனென்றால் அதை யாரும் கேட்பதில்லை. என்ன, சாயங்காலம் அவர் நண்பர்களோடு ஆடும் கேரம் போய்விடும். அத்தை இதையெல்லாம் எப்போதோ கணக்குப் போட்டுவைத்திருந்தார். சொல்லத்தான் தைரியம் வராமல் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

இரவு சாப்பாட்டின்போது அத்தையே சொன்னார். அவர் மகன் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஷிஃப்ட், கேரம், பிள்ளை என்று எதைப் பற்றியும் பேசவில்லை.

"ஒரு தடவ விட்டுட்டுப் போனது போதாதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

முப்பத்து மூன்று வயது மனிதர், மீசை வைத்தவர், பதினான்கு வயதில் கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குக் கேட்கிறார். அத்தை தட்டைத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு உனக்காகப் போனேன்டா. ஏரோப்ளேன்ல ஏறுனதுலேருந்து எறங்கற வரைக்கும் அழுதேன். பக்கத்துல இருந்தவரு பயந்துபோய் சீட்டு மாத்திக்கிட்டாரு. இப்ப எனக்காகப் போறேன். அங்க எனக்குன்னு நாலு பேரு இருக்காங்க. காலையில எந்திரிச்சா இன்னைக்கு என்ன பண்ணலாம்னு தோணுது. சிரிச்சுக்கிட்டே போறேன்னு உனக்குக் கோவமா?"

என் வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போனார். பத்து நிமிடம் நின்றார். திரும்பி வந்து அதே தட்டின் முன் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

"அந்த வெள்ளிச் செருப்பு," என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே. "அத ஏன் இங்க கொண்டு வரல?"

"இங்க எங்கடா ஆடறது?"

"ஆடுனா யாரு வேணாங்கறா?"

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் அவர் மில்லில் ஷிஃப்ட் மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். சூப்பர்வைசர் கைகுலுக்கினாராம்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் அத்தை பேத்தியை முத்தமிட்டார், மகன் தோளில் தட்டினார், என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். என்னமோ பெரிய ரகசியம் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"நாளைக்குக் கிளம்பறப்ப திரும்பிப் பாக்காத. வாசல்ல பிள்ளை நிப்பா, அழுவா. பாத்தா உனக்குக் கால் நகராது. நான் மொதல் தடவ பாத்துட்டு ஒரு வருஷம் தூங்கல."

சொன்னவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். முட்டி வலி இருந்த மாதிரியே தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, கை சரியாக மடித்துத் தைத்த கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மகள் அழவில்லை. அழட்டும் என்று ஒரு மனம் காத்திருந்ததோ என்னமோ, நான்தான் செருப்பைக் கால் மாற்றி மாட்டினேன். படி இறங்கினேன். கேட்டைத் தாண்டினேன். தெரு முனை வரை அத்தை சொன்னதைக் காப்பாற்றினேன், அங்கே முடியாமல் திரும்பிப் பார்த்துவிட்டேன். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே, அப்பாவும் மகளும் தரையில் குந்தி உட்கார்ந்து, கொட்டிய பாலை ஆளுக்கொரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.