இரண்டு சம்பளம், ஒரே யூரோ, நாலு தூண்

போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சி. இரண்டு வீட்டுக்கும் நான் வேண்டியவன். அதனால் நடு நாற்காலி எனக்கு. அங்கே உட்கார்ந்தால் காபி முதலில் வரும்... வம்பும் முதலில் வரும்!

பெண் கலைச்செல்வி. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர்; புதுச்சேரிப் பேச்சில் 'சொல்தா'. பெண் பிரான்ஸில் பொருளாதாரம் படித்து, லியோன் நகரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள்.

பையன் சதீஷ். ஜெர்மனியில் இன்ஜினியர். அப்பா தெய்வசிகாமணிக்கு பாகூரில் கரும்பு, நெல். பெண்ணும் பையனும் ஆறு மாதமாக போனில் பேசி, பிடித்துப்போய், லீவு போட்டு வந்திருந்தார்கள். பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

கேசரி வந்தது. தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார்.

"கல்யாணமானாலும் கொஞ்ச நாளு ஆளுக்கொரு நாட்லதான் வேலைன்றாங்க. இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் யூரோதானே? ரெண்டு சம்பளத்தையும் ஒரே அக்கவுண்ட்ல போட்ருங்க. செலவு போக மிச்சத்த இங்க அனுப்பிடுங்க. நான் பாத்துக்கறேன். அங்க அத்தினி நாடே சேந்து ஒரே காசு வச்சிருக்கான். நமக்கு இன்னா?"

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

கலைச்செல்விதான் பேசினாள். "காசுதான் ஒண்ணு மாமா. பட்ஜெட் வேற வேற."

"எப்டி?"

"ஒவ்வொரு நாடும் தன் வரியை தானே வாங்கி, தானே செலவு பண்ணுது. கிரீஸ் கடன்ல மாட்டுனப்ப, கைகொடுத்த ஜெர்மனி மாதிரி நாடுங்க 'பென்ஷனைக் குறை, செலவைக் குறை'ன்னு கண்டிஷன் போட்டாங்க. அதுக்கு பெரிய சண்டையே நடந்துச்சு."

"செலவு பண்ணவன் குறைக்கத்தானேம்மா வேணும்?" தெய்வசிகாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த நிமிடமே அவர் ஜெர்மனி ஆகிவிட்டார்.

"கரெக்ட் மாமா. அப்ப நம்ம ரெண்டு வூட்டுக்கும் ஒரே பர்ஸுன்னா, யார் செலவையும் யாரும் கேக்கலாம் இல்ல? போர்ட்டிகோவுக்கு கிரானைட் தூண் நாலு வைக்கறீங்களாமே... எதுக்கு?"

சதீஷுக்குப் புரையேறியது. தூண் விஷயத்தை யார் சொல்லியிருப்பார்கள் என்று ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

அதுவரை வாயே திறக்காத சதீஷின் அம்மா அமுதா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா கேளும்மா! இருக்கற ரூமை பெருக்கவே ஆளில்ல. இந்த மனுஷன் தூண் வைக்கறாராம், தூணு!"

தெய்வசிகாமணி விருட்டென்று எழுந்தார். "கெளம்பலாம்."

பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கலைச்செல்வியின் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவு தைரியமாகப் பேசிய பெண், இப்போது சதீஷை மட்டும்தான் பார்த்தாள்.

சதீஷ் எழவில்லை. அமுதாவும் எழவில்லை. வாசல் வரை போன தெய்வசிகாமணி திரும்பிப் பார்த்தார். கார் சாவி பையனிடம்.

"அப்பா, உக்காருப்பா. அவ கேட்டது நான் ரெண்டு மாசமா கேக்கணும்னு நெனச்சது. எனக்கு தைரியம் வரல" என்றான் சதீஷ்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, "சரி... நீ எப்டின்ற பாப்பா?" என்றார்.

கலைச்செல்வி மெதுவாகச் சொன்னாள். வீட்டு வாடகை, சாப்பாடு, ஊருக்கு வரும் டிக்கெட்டுக்கு ஒரு பொது நிதி. சம்பளத்துக்குத் தகுந்தபடி இருவரும் போடுவது. இரண்டு பெற்றோருக்கும் சமமாக ஒரு தொகை. மற்றது அவரவர் விருப்பம். பெரிய செலவு என்றால் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

"ஐரோப்பாவுல இப்டி செய்றாங்களா?" என்று கேட்டேன்.

"பெருசா ஒரு பொது பட்ஜெட் வேணும்னு வருஷக்கணக்கா பேசறாங்க சார். இன்னும் ஒத்து வரல" என்று சிரித்தாள்.

எப்படி ஒத்து வரும்? ஒரே காசை வைத்துக்கொள்ள யாரும் சம்மதிப்பார்கள். 'இந்தச் செலவு எதுக்கு?' என்று இன்னொருவன் கேட்கலாம் என்று சம்மதிப்பதுதான் கஷ்டம். நாடுகளுக்கே மீசை துடிக்கிறது. பாகூர் மீசை துடிக்காதா?

ஆனால் நம் ஆள் பரவாயில்லை. கேசரியை முடித்துவிட்டு, "நிச்சயத்துக்கு நாள் பாருங்க" என்றார். அமுதா அங்கேயே பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டார்.

மறுநாள் காலை போன். தெய்வசிகாமணிதான்.

"இன்னா சார் இப்டி மாட்டி வுட்டுட்டீங்க? கட்டிக்கினு வந்து முப்பது வருஷமா கேக்காதவ, ராத்திரி வந்து 'கரும்புப் பணம் எவ்ளோ வந்துச்சு, எங்க போச்சு'ன்னு கேக்கறா!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தூக்கம் வருதுன்னேன்."

பக்கத்து நாடு உடனே திருந்த வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்... நம் நாட்டில் மட்டும் தூக்கம் வந்துவிடுகிறது!