ஏழாவது மாடியில் சேறு

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது, அவ்வளவுதான். நடந்தது அம்சத்துக்கு. குடவாசல் பக்கம் நடவு நட்டுப் பிழைப்பவள். கதை கட்ட அவளுக்கு நேரமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. சென்னையில், பட்டப்பகலில், ஏழாவது மாடியில்.

அவள் சென்னையைப் பார்த்த முதல் நாள் அது. தங்கை இசைவாணி புது ஃப்ளாட் வாங்கியிருந்தாள். பால் காய்ச்சிய அன்று சம்பா நடவு மும்முரம். அம்சத்தால் போக முடியவில்லை. நடவு முடிந்த கையோடு, கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு, கும்பகோணத்தில் ரயிலேறிவிட்டாள்.

எழும்பூரில் இறங்கியதிலிருந்தே வயிறு எரிந்தது. பாலத்துக்கு மேல் பாலம், அதற்கும் மேல் ரயில். அந்த ஊரில் தங்கை சொந்தக் காரை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போகிறாள். அவளைப் படிக்கவைக்கத்தான் அப்பா அம்சத்தை எட்டாவதோடு நிறுத்தி வயலில் இறக்கினார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். ஒருத்தியின் கால் காரில், ஒருத்தியின் கால் சேற்றில்.

லிஃப்டில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி அம்சத்தின் காலையே பார்த்தாள். பாளம் பாளமாக வெடித்த குதிகால். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. ஒரு அறுப்பில் அரிவாள் கொண்டுபோய்விட்டது.

“யாரு வாணி இது?”

“ஊர்லேருந்து வந்திருக்காங்க ஆன்ட்டி.”

அக்கா என்று சொல்லவில்லை.

வீட்டுக்குள் போனதும் இசைவாணி ஒரு ஜோடி சாக்ஸை நீட்டினாள். “போட்டுக்கக்கா. டைல்ஸ் வழுக்கும்.”

“வழுக்குமா, அழுக்காவுமா?”

“ஒன் வாய் இருக்கே! நான் ஆபீஸ் போயிட்டு ஆறு மணிக்கு வந்துடுறேன். அப்புறம் பீச்சுக்குப் போவோம். யாரு பெல் அடிச்சாலும் தொறக்காத.”

மாப்பிள்ளை வெளியூரில். வீட்டில் அம்சம் மட்டும். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். பீரோவைத் திறந்து பார்த்தாள். கட்டிலடியில் தங்கை வீட்டுக்குள் போடும் ரோஸ் செருப்பு கிடந்தது. உள்ளே கையை விட்டாள். பஞ்சு. தரையில் கால் படாமல் இருக்க ஒரு செருப்பு!

“ஒரு நாளாவது இந்தக் காலு அவளுக்கு இருக்கணும்” என்றாள், வாய்விட்டே. “அப்பத் தெரியும்.”

வெற்று வீட்டில் அது பெரிதாகக் கேட்டது. சோபாவில் போய்ச் சாய்ந்தாள். கண் அசந்தது.

மணி இரண்டு பத்து.

சளக்...

கண்ணைத் திறக்கவில்லை. சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம். பதிமூன்று வயதிலிருந்து கேட்கிற சத்தம்.

சளக்... சளக்...

பால்கனிப் பக்கம். கூடவே நாற்றம். தண்ணீர் கட்டி உழுத வயலின் நாற்றம்.

கண்ணைத் திறந்தாள். பால்கனிக் கதவு பூட்டியிருந்தது. வெள்ளைத் தரையில் கால் தடங்கள். கருஞ்சேறு. குதிகால் வழவழவென்று பதிந்திருந்தது. விரல்கள் பால்கனியைப் பார்த்திருந்தன. வேறு யாராவது பார்த்தால், உள்ளேயிருந்து யாரோ வெளியே போயிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் தடங்களுக்கு முன்னால், வரிசையாக, விரல் ஊன்றிய சேற்றுப் புள்ளிகள். குத்துக் குத்தாக நாற்றை ஊன்றிய மாதிரி. நடவு நடுகிறவள் முன்னால் நடப்பதில்லை. குனிந்த முதுகு நிமிராமல் பின்னோக்கியே நகர்ந்து வருவாள்.

யாரும் வெளியே போகவில்லை.

உள்ளே வந்திருக்கிறாள்.

இடது கால் தடம்... சுண்டுவிரல் இல்லை.

அம்சம் தன் காலைப் பார்த்தாள்.

சாக்ஸ். காய்ந்த சாக்ஸ்.

சளக்...

படுக்கையறைக்குள்.

எழுந்து போனாள். யாரும் இல்லை. தடம் கட்டிலடியில் முடிந்திருந்தது. ரோஸ் செருப்புக்கு முன்னால்.

தங்கைக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டால், இந்தக் கால் அவளுக்கு வரணும் என்று தான் கேட்டதையும் சொல்ல வேண்டுமே. பழந்துணியை நனைத்துத் தரையைத் துடைத்தாள். செருப்பைத் தொடப் பயம். தொடவில்லை.

ஆறு மணிக்கு இசைவாணி வந்தாள். “வீட்டையே தொடச்சு விட்டியாக்கா? வந்த அன்னிக்கேவா?” சிரித்துக்கொண்டே போய்ச் செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

“என்னக்கா, செருப்பு ஈரமா இருக்கு?”

கழற்றுடி என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அம்சம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்புகிற ரயிலிலேயே அம்சத்தின் சேற்றுப்புண் காய்ந்துவிட்டது. அடுத்து களையெடுக்க இறங்கி நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றாள். ஒரு அரிப்புகூட இல்லை. “என்னாத்தடி தடவுன?” என்று கூட வந்த பெண்கள் கேட்டார்கள்.

கார்த்திகையில் இசைவாணி போன் செய்தாள். “வெரலிடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் வருதுக்கா. சுகர் இல்லைங்கிறாரு டாக்டர். வயல்ல நிக்கிற வேலையான்னு கேக்குறாரு. நான் ஏசியில ஒக்காந்திருக்கேன்...”

பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் நொண்டி நொண்டி வந்தாள். ஈரத் தடங்கள் விழுந்தன. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

“புண்ணு புரையோடிப் போச்சுன்னு எடுத்துட்டாங்கக்கா. நீ பதறுவேன்னுதான் சொல்லல.”

அம்சம் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சென்னையில் வந்தது தன் கால் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

தன் குதிகாலில் அத்தனை வெடிப்பு. டைல்ஸில் இருந்த தடத்தில் ஒரு வெடிப்புகூட இல்லை.

இதிலும் இல்லை.