ஆக்ஷேபம் என்று தலைப்பிட்ட கடிதம்

வக்கீலண்ணா, கூடப் பிறந்த நானும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்க அப்படிக் கூப்பிட்டதால் எனக்கும் அதுவே வந்தது. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. யாராவது வக்கீலைத் தேடி வாசலில் நின்றால் இன்னும் உள்ளே பார்த்து உன்னைக் கூப்பிட வாய் திறக்கிறேன்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தைக் கெடுத்துவிட்டது. கோர்ட்டு மாடிப்படியில் பாதியில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பது போலக் கீழே பார்ப்பாய். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் நோட்டரி ஆக ஆசைப்பட்டாய். "நாற்காலில உக்காந்தே வேலை பாக்கலாம்டி. அஃபிடவிட் கொண்டு வருவாங்க, என் முன்னாடி கையெழுத்துப் போட வச்சு முத்திரை குத்தினா மதி, அது போதும். கத்தவும் வேண்டாம், படி ஏறவும் வேண்டாம்."

பத்து வருஷம் வக்கீலாக இருந்தால்தான் கேட்கவே முடியும். அது முடிந்த வாரமே மனு எழுதினாய். மாஜிஸ்டிரேட், பாங்கு மானேஜர், ஒரு வியாபாரி, ஊரில் மதிப்புள்ள இரண்டு பேர், இத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வியாபாரிக்கு, நான் சுக்கு பொறுக்கும் கிடங்கின் சேட்டிடம் போனோம். சேட்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மதிப்புள்ள ஆள் ரெண்டு பேரா? மட்டாஞ்சேரியிலே ரெண்டாவது ஆளுக்கு எங்கே போவே வக்கீலே?"

"முதல் ஆளு யாரு சேட்டு?"

"நான்தான். ஆனா என்னைத்தான் நீ வியாபாரின்னு எழுதிட்டியே!"

எல்லாக் கையெழுத்தும் கிடைத்தது. பிறகு ஆபீஸிலிருந்து மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. இன்னார் நோட்டரி ஆகக் கேட்டிருக்கிறார், ஆக்ஷேபம் உள்ளவர்கள் எழுதி அனுப்பலாம் என்று. நான் ஆறாம் கிளாஸோடு நின்றவள். மலையாளத்தில் அபேக்ஷ என்றால் விண்ணப்பம், ஆக்ஷேபம் என்றால் எதிர்ப்பு. எனக்கு இரண்டும் ஒன்றாகப் பட்டன. ஊர்க்காரர்களும் விண்ணப்பிக்கலாம் போல என்று நினைத்தேன்.

உன்னிடம் சொல்லாமல் எழுதினேன். தலைப்பை நோட்டீஸைப் பார்த்து அப்படியே போட்டேன்: ஆக்ஷேபம். "இந்த வக்கீலுக்கு நெஞ்சில் நோய். படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. நின்று பேச முடியவில்லை. தயவு செய்து சீக்கிரம் முடிவு எடுக்க வேண்டும்." தங்கச்சி என்றால் மதிக்க மாட்டார்கள் என்று கீழே 'ஒரு ஊர்க்காரி' என்று போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து அதன் நகல் உன்னிடம் விளக்கம் கேட்டு வந்தது. நீ நேரே அடுக்களைக்கு வந்தாய்.

"ஏண்டி, 'க்ஷ'வுக்கு இவ்ளோ நீளமா வால் போடற ஊர்க்காரி யாரு?"

"நான் அபேக்ஷதானே அனுப்பினேன்!"

"ஆக்ஷேபம் அனுப்பிருக்க. பத்து வருஷத்துல எனக்கு எதிரா இவ்ளோ நல்லா யாரும் வாதாடினதில்ல. நீதான்டி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

சிரித்துச் சிரித்து இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாய்.

"நான் போய் ஆபீஸ்ல சொல்லிட்டு வரேன்."

"வேண்டாம். தங்கச்சிய விட்டு மாத்திச் சொல்ல வக்கிறான்னு ஆயிரும். நான் பாத்துக்கறேன். அம்மாகிட்ட மூச்சு விடாத."

விளக்கம் எழுதினாய். டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள், கொடுத்தாய். நேரில் வரச் சொல்லி இரண்டு தடவை தள்ளி வைத்தார்கள். இப்படி ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதமும் நீ படி ஏறினாய். ஒரு மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு கோர்ட்டுக்கு வந்தபோது, கறுப்புக் கோட்டை மடியில் மடித்து வைத்து நீ படியிலேயே உட்கார்ந்திருந்தாய். அதுவரை நீ அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் எழுந்தாய்.

கடைசியில் நியமனம் வந்தது. முத்திரை செய்து வாங்கினாய். பஜார் ரோட்டில் கீழ்த்தளத்தில் ஒரு அறை எடுத்தாய். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு தடவைகூட மூச்சு வாங்கல" என்றாய். பத்தொன்பது நாள் அங்கே உட்கார்ந்தாய். இருபதாம் நாள் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது சரிந்தாய்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "ஆசைப்பட்டது கிடைச்ச பிறகுதானே போனான்" என்று அம்மாவைத் தேற்றினார்கள். நான் தலையாட்டினேன். அந்த ஏழு மாதம் யாரால் போனது என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் படிகள் இல்லையென்றால் நீ இருந்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இதை எழுதி முடித்ததும் முதலில் அம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன்.

சாமி முன்னால் நின்றால் உனக்காக ஒன்றும் கேட்க வரவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுவதோடு நின்றுவிடுகிறது. அதனால் இதை வாசிக்கிறவர்களே, கோயிலோ பள்ளிவாசலோ மாதாவோ, நீங்கள் எங்கே கும்பிட்டாலும், என் அண்ணனுக்காக நீங்கள் எல்லோரும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.