ஒன்பது மடங்கு மெதுவான மணி

எங்கள் ஆலயத்தில் நீண்டகாலமாகக் கயிறு இழுத்து மணி அடித்துவந்தவருக்கு இருதயத்தில் அடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து, இனிக் கயிற்றில் கை வைக்கக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆலயக் கூட்டத்தில், இனி யார் மணி அடிப்பது என்று போதகர் கேட்டபோது எல்லோரும் தங்கள் செருப்புகளை ஆராய்ந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். இழுக்காமலே மணி அடிக்கிற கருவி ஒன்றைச் செய்து தருவதாகச் சொன்னேன்.

பத்திரிகைக்குப் பகிடிக் கட்டுரை எழுதுகிற ஐம்பத்திரண்டு வயதுக்காரன் இப்படிச் சொன்னால் சபை சிரித்திருக்க வேண்டும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. மணி அடிப்பவரின் மனைவி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கெதியாச் செய்து தாங்கோ தம்பி. இவர் நான் பாக்காத நேரத்திலை களவாப் போய்க் கயிறை இழுத்துப்போடுவார். கருவி அடிக்குதெண்டாத்தான் மனுசன் வீட்டிலை இருக்கும்.”

அதற்கு முதல் வருடம், மைக்ரோகொன்ட்ரோலர் என்கிற சின்னச் சில்லு பூட்டிய போர்ட் ஒன்றைக் கொண்டு என் கத்தரிக் கன்றுகளுக்குத் தானாகத் தண்ணீர் விடப் பழகியிருந்தேன். கத்தரி பிழைத்தது. அதே போர்ட் மணிக்கும் போதும். ஆனால் உண்மையான இன்ஜினியர்மார் வேறொரு போர்ட்டைத்தான் பாவிப்பார்கள் என்று எங்கோ வாசித்துவிட்டேன். அதைத் தபாலில் எடுப்பித்தேன். அதன் கையேடு ஆயிரம் பக்கத்துக்கு மேல். பெரிய நாவல்களை வாசித்துப் பழகியவன் என்ற திமிரில், பென்சிலும் கையுமாக முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். எண்பதாம் பக்கத்தில் எனக்கு விளங்கிய ஒரே விடயம், இந்த நாவலில் கதாநாயகன் இல்லை என்பது. கையேட்டை மூடிவிட்டு, கத்தரிக்கு எழுதிய நிரலை எடுத்து இங்கே ஒட்டி, அங்கே வெட்டி, புதிய போர்ட்டுக்குள் ஏற்றினேன். பிழை ஒன்றும் இல்லை என்று கணினி சொன்னது. எனக்கு அது ஒரு நற்சான்றிதழ் மாதிரி இருந்தது.

போர்ட்டில் ஒரு சிறு விளக்கு உண்டு. வினாடிக்கு ஒருமுறை மினுங்கும்படி எழுதியிருந்தேன். அது ஆறுதலாக, கொட்டாவி விடுவதுபோல மினுங்கியது. அதை நான் கண்டேன். இன்றைக்கும் அந்த இடத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கண்டும், புதுச் சாமான், போகப் போகச் சரிவரும் என்று விட்டுவிட்டேன். கணினிக் கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை கோபுரத்தில் ஏறிக் கயிற்றைக் கழற்றினேன். மின்காந்தம் இழுத்தால் மணியில் போய் விழும்படி ஒரு சுத்தியலைப் பூட்டினேன். பரீட்சித்துப் பார்ப்பதில்தான் சிக்கல். எங்கள் ஊரில் நேரம் தப்பி மணி கேட்டால் சனம் காரணம் கேட்டு வந்துவிடும். ஆகவே சுத்தியலில் துவாயைச் சுற்றி, ஒரே ஒரு அடி மட்டும் அடிக்க வைத்தேன். தொம் என்றது. ஒரு அடிக்கு இடைவெளி கிடையாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

“எல்லாம் செக் பண்ணியாச்சோ?” என்று போதகர் கேட்டார்.

“ஓம்” என்றேன்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் பொத்தானை அழுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். முதல் அடி விழுந்தது. இரண்டு வினாடியில் அடுத்தது வரவேண்டும். வரவில்லை. பதினெட்டு வினாடி கழித்து வந்தது. சுத்தியலும் உடனே விலகாமல் மணியில் ஒட்டிக்கொண்டு நின்றதால் சத்தம் அடைத்துக் கேட்டது. அந்தப் போர்ட்டுக்கு அதன் வேகத்தை நாம்தான் நிரலில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் அது ஒன்பதில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும். இதைப் பிறகுதான் படித்தேன். அந்த நேரம் எனக்கு விளங்கியது ஒன்றுதான். எங்கள் ஊரில் இப்படி விட்டுவிட்டு அடித்தால் அது சாவு மணி.

வல்வெட்டித்துறையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“ஆர் ஐயா மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்லை.”

“மறைக்காதேங்கோ. செத்த வீட்டிலை மீன் வேண்டமாட்டினம். அந்த ஒழுங்கையாலை போகாமல் விடத்தான் கேக்கிறன்.”

அப்போதுதான் மணி அடிப்பவரின் மனைவியை, அந்த அக்காவைக் கண்டேன். பலிபீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து நின்று, மூன்றாவது அடியையும் கேட்டார். சபையில் சுகமில்லாமல் கிடந்தவர் அவருடைய மனுசன் ஒருவர்தான். பூவை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு, செருப்பில்லாமல் றோட்டில் ஓடினார். கூப்பிட்டிருக்கலாம். நான் பிளக்கைப் பிடுங்க உள்ளே ஓடினேன். பிடுங்குவதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்தது.

போதகர் அங்கியைப் பாதி போட்டபடி வந்தார். “என்ன நடந்தது?”

“கரண்ட் ஐயா. கூடிக் குறையுது.”

இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா படியில் இருந்து மூச்சு வாங்கினார். உள்ளங்காலில் கல்லுக் கிழித்து இரத்தம். செத்துப்போனவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார்.

“வா தம்பி. என்ரை சாவுக்கு முன்கூட்டியே மணி அடிக்கிறாய் போல. ஆனா ஒண்டு, இடைவெளி வலு திறம். நான் கூட இப்பிடி அடிச்சதில்லை.”

“நீங்கள் சும்மா இருங்கோ” என்று அக்கா அவரை அடக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “போதகர் ஐயா போன் எடுத்துச் சொன்னவர் கரண்ட் பிழையெண்டு. நீங்கள் மனம் நோகாதேங்கோ தம்பி. உங்களிலை என்ன பிழை?” என்றார்.

திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

ஆராதனையில் அறிவித்தல் நேரத்தில் எழும்பினேன். கரண்ட் பிழை அல்ல என்று சொன்னேன். விளக்கு மெதுவாக மினுங்கியதை வீட்டிலேயே கண்டதாகவும், சோதித்ததாகப் பொய் சொன்னதாகவும், இன்று காலை இரண்டாவது பொய்யும் சொன்னதாகவும் சொன்னேன்.

சபை சிரித்தது. நான் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்று இருபது வருடமாக அவர்களைப் பழக்கியவன் நான்தான். முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உவன் செத்த வீட்டிலையும் பகிடி விடுவான்” என்றார். கடைசி வாங்கில், காலில் துணி சுற்றியபடி பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்க ஆயத்தப்படுத்தி வைத்திருந்த வசனங்களை அவர் கேட்கவில்லை.

“நாளைக்கே திருத்திப்போடுவன் அக்கா” என்றேன் கடைசியில்.

“வேண்டாம் தம்பி. கழட்டின கயிறு எங்கை?”

கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு முழம் தனக்கு எட்டும்படி நீட்டிக் கட்டித் தரச் சொன்னார். கட்டினேன். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று தானே தொங்கி இழுத்துப் பார்த்தார்.